முதுகிலா, விலாவிலா?

கோத்தகிரி மலையில் உள்ள அரவேணுவில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கம்பி வேலியில் ஓரிடத்தில் கீழ்க்கம்பி தளர்ந்து, ஆள் குனிந்து நுழையுமளவு வழி விட்டிருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சாலைக்கு இறங்க அதுதான் குறுக்குவழி. செடிகளுக்கு நடுவே முதுகில் மூட்டையோடு விறுவிறுவென்று வருவார்கள். இரண்டு வரிசைக்கு இடையில் இடுப்பை உரசிக்கொண்டுதான் நடக்க முடியும். ஆனாலும் முதுகுச் சுமை எந்தச் செடியிலும் படாது. வேலிக்கு வந்ததும் அதே சுமை மாட்டிக்கொள்ளும். கம்பியின் முள் சாக்கைப் பிடிக்கும். மூட்டையை இறக்கி, பக்கவாட்டில் இழுத்தபடியோ முன்னால் தள்ளிக்கொண்டோ நுழைவார்கள். அந்தப் பக்கம் போனதும் மூட்டை மறுபடி முதுகுக்கு ஏறிவிடும்.

செடி வரிசை ஒரு நின்ற இடுக்கு. உயரம் உண்டு, அகலம் இல்லை. வேலி ஒரு படுத்த இடுக்கு. அகலம் உண்டு, உயரம் இல்லை. சுமையை உடம்பில் எங்கே வைப்பது என்பதை இடுக்கின் வடிவம் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லித்தர அந்தப் பெண்களுக்கு யாரும் தேவைப்படவில்லை.

சென்ற மாதம் என் அக்கா மகன் பாண்டிச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போனான். படகில் எல்லோரும் காற்று சிலிண்டரை முதுகில் கட்டியிருக்க, ஒருவர் மட்டும் இரண்டு சிலிண்டர்களை அக்குளுக்குக் கீழே, இரு விலாவோடும் ஒட்டினாற்போல் மாட்டியிருந்தாராம். போனில் என்னிடம் கேட்டான்: "அவரு மட்டும் ஏன் மாமா அப்படி? அதுதான் நல்லதுன்னா எல்லாருக்கும் அப்படியே கட்டிவிடலாமே? நல்லதில்லைன்னா அவரு ஏன் அப்படி வர்றாரு?"

கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் சைட்மவுன்ட் என்கிற இந்த முறையைத் தமிழில் விலாக்கட்டு என்று சொல்லலாம். வழக்கமாக எல்லோரும் கட்டுவது முதுகுக்கட்டு. எது மேல் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான். பரவலாகப் பயன்படும் ஸ்கூபா சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் பதினோரு லிட்டர் பிடிக்கும். அந்தப் பதினோரு லிட்டர் இடத்துக்குள் 2,200 லிட்டர் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம். இதை அப்படியே வாயில் திறந்துவிட்டால் நுரையீரல் கிழியும். எனவே வால்வுக்கு மேல் ஒரு ரெகுலேட்டர். சமையல் கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டுகிறோமே, அதே பெயர், அதே வேலை. உள்ளேயிருக்கும் மூர்க்கமான அழுத்தத்தைக் குறைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் விடுகிறது. ஸ்கூபா ரெகுலேட்டருக்கு இன்னொரு திறமையும் உண்டு: சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ, சரியாக அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும். பிரான்ஸில் 1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் இதைச் செயல்படவைத்த பிறகுதான் மனிதன் மேலிருந்து குழாய் இல்லாமல் கடலுக்குள் தாராளமாக உலவ முடிந்தது. அதற்கு முன் நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள், ஒரு கல்லின் கனத்தில் இறங்கி, மேலே கயிறு பிடித்திருப்பவரை நம்பி, ஒரே மூச்சில் வேலையை முடித்தார்கள்.

ஆழம் கூடக் கூடக் காற்று சீக்கிரம் தீரும். கடல்மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் இன்னொன்று சேர்கிறது. இருபது மீட்டரில் மொத்தம் மூன்று. அங்கே ஒரு மூச்சுக்கு மேலே இழுப்பதைப்போல் மூன்று மடங்கு காற்று செலவாகிறது.

இன்னொரு விஷயம், பலரையும் வியக்கவைப்பது: காற்றுக்கு எடை உண்டு. ஆயிரம் லிட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. எனவே நிரம்பிய சிலிண்டருக்குள் இரண்டரைக் கிலோவுக்கு மேல் காற்று மட்டுமே இருக்கிறது. மூழ்குபவர் மூச்சுவிட்டு முடிக்கும்போது அவ்வளவும் இறங்கிப் போயிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விலாக்கட்டு கடலில் பிறக்கவில்லை. இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் குகைகளில் பிறந்தது. மெண்டிப் குன்றுகள் போன்ற இடங்களில் குகைக்குள் நடந்தும் தவழ்ந்தும் போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று கூரை தாழ்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். தண்ணீருக்கு அப்பால் குகை மறுபடி உலர்ந்து தொடரும். இந்த நீர் நிரம்பிய துண்டுக்கு அங்கே 'சம்ப்' என்று பெயர். நம் வீட்டு வாசலில் தோண்டி வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நாம் சொல்லும் அதே சம்ப்தான். 1960-களில் அந்த சம்புகளைக் கடக்க நினைத்தவர்கள் குகை ஆர்வலர்கள். மூழ்குவது அவர்களுக்கு நோக்கம் இல்லை, வழியில் வரும் ஒரு தடை மட்டுமே. நாலு மணி நேரம் தவழ்ந்து, பத்து நிமிடம் தண்ணீருக்குள் போய், மறுபடி தவழ வேண்டும். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தாழ்ந்த கூரைக்கு அடியில் தவழ்ந்தால் ஒவ்வொரு பாறையிலும் இடிக்கும். அவர்கள் சிலிண்டரை இடுப்பு பெல்ட்டில் பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள். தேவைப்பட்டால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்து வேலியில் நடப்பதும் இதுவேதான்.

அதை முழு நீள மூழ்கலுக்கு ஏற்றபடி மாற்றியது அமெரிக்காவின் ஃபுளோரிடா. அங்கே குகைகள் முழுக்க நீர் நிறைந்தவை, கிலோமீட்டர் கணக்கில் நீள்பவை. தாழ்ந்த கூரைகளுக்கு அடியில் போக விரும்பியவர்கள், சிலிண்டரின் கழுத்தை அக்குளோடு ரப்பர் பட்டையால் இழுத்துப் பிடித்து, அடிப்பகுதியை இடுப்பில் கொக்கியால் மாட்டி, உடம்போடு இணையாகப் படுக்கவைத்தார்கள். ஆரம்பத்தில் எல்லாம் வீட்டிலேயே தைத்த பட்டைகள்தான். 1990-களின் நடுவில்தான் கடையில் வாங்கக்கூடிய கட்டுகள் வந்தன. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் இந்த முறை இன்னும் எளிமையானது. அங்கே ஸ்டீவ் போகார்ட்ஸ், ராபி ஷ்மிட்னர் இருவரும் 2007-இல் இரண்டு பெரிய நீரடிக் குகை அமைப்புகளுக்கு இடையே இணைப்பைக் கண்டுபிடித்தார்கள். அந்த வட்டாரத்தில் விலாக்கட்டு இன்று அன்றாட வழக்கம்.

சரி, இடுக்கில் நுழைவதைத் தவிர என்ன லாபம்?

முதல் லாபம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. முதுகுக்கட்டில் வால்வு பிடரிக்குப் பின்னால். அங்கே ஒரு ரப்பர் வளையம் பழுதாகிக் காற்று கசிந்தால், குமிழிச் சத்தம் கேட்கும். எங்கிருந்து என்று தெரியாது. கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் தடவ வேண்டும். தோள் இறுகிப்போனவர்களுக்கு அது எட்டாது. விலாக்கட்டில் வால்வு நெஞ்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குனிந்தால் பார்க்கலாம், கையை வைத்தால் மூடலாம். ஒரு ரெகுலேட்டர் கெட்டுக் காற்றை நிற்காமல் கொட்டுகிறதென்றால், மூச்சு இழுக்கும்போது மட்டும் வால்வைத் திறந்து, உடனே மூடி, அந்தச் சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் பயன்படுத்திக்கொள்ள முடியும். முதுகில் இருந்தால் இது எளிதில் நடவாது.

இரண்டாவது, கரையில் சுமக்கும் சுமை. வெறும் அலுமினிய சிலிண்டரே 14 கிலோ அளவுக்கு இருக்கும். இரண்டையும் முதுகில் ஒன்றாகப் பூட்டினால் நடக்கும்போது இடுப்பெலும்பு சொல்லும். விலாக்கட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தண்ணீரில் வைத்து, அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். முதுகுவலிக்காரர்கள் சிலர் குகைப் பக்கமே போகாமல் விலாக்கட்டுக்கு மாறியிருப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, நீந்தும் நிலை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. அதற்குள் நகரும் உடம்பு மீன்போல் கிடைநிலையில் இருந்தால் கால் உதைக்கும் ஒவ்வொரு உதையும் முன்னால் தள்ளும். கால் தாழ்ந்து, உடம்பு சரிவாக இருந்தால் பாதி உதை வீணாகும். அடிமணலும் கிளம்பிக் கலங்கும். எடை இரு பக்கமும் சமமாகப் பரவியிருப்பதால், பழகியவருக்கு விலாக்கட்டில் இந்தக் கிடைநிலை இயல்பாக அமையும்.

பழகியவருக்கு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். இங்கிருந்துதான் விலாக்கட்டு தன் விலையைக் கேட்க ஆரம்பிக்கிறது.

மேட்டுப்பாளையம் சந்தைக்கு ஆயிரம் ரூபாயோடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்பாக்கெட் பயத்தில் இரண்டு பையில் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து வைக்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் செலவை எல்லாம் வலது பையிலிருந்தே செய்துவிட்டு, கடைசியில் இடது பை களவு போனால், பஸ் கட்டணத்துக்கும் கை ஏந்த வேண்டியதுதான். பிரித்து வைத்ததால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பிரித்தே செலவழித்தால்தான் வரும்.

விலாக்கட்டின் இரண்டு சிலிண்டர்களும் இப்படித் தனித்தனிப் பைகள். குகைக்குள் போகிறவர்கள் மூன்றில் ஒன்று என்ற விதியைக் கடைப்பிடிக்கிறார்கள்: மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. இரண்டு சிலிண்டரிலும் 210 பார் இருக்கிறதென்று கொள்வோம். பார் என்பது அழுத்தத்தின் அலகு. ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். உள்ளே போகும்போது ஒவ்வொன்றிலிருந்தும் 70 செலவு. குகையின் கடைக்கோடியில் இரண்டிலும் 140 இருக்கும். அந்த இடத்தில் ஒரு சிலிண்டர் முழுவதுமாகக் கைவிடுகிறது. கையில் மிச்சம் ஒரே சிலிண்டரின் 140. வெளியே வரத் தேவை, போனபோது செலவான அதே அளவு: எழுபதும் எழுபதும் நூற்றுநாற்பது. சரியாக வாசல் வரைக்கும் போதும்.

இப்போது அதே ஆள் மாற்றி மாற்றி மூச்சு விடாமல், வலது சிலிண்டரிலிருந்தே 140-ஐயும் செலவழித்திருந்தால்? வலதில் மிச்சம் 70, இடதில் 210. மொத்தக் கணக்கில் முன்பு இருந்த அதே அளவுதான். ஆனால் இடது கைவிட்டால் மிச்சம் 70. வாசலுக்குத் தேவை 140. பாதி வழியில் காற்று தீரும்.

இதனால் விலாக்கட்டுக்காரர் சில நிமிடத்துக்கு ஒருமுறை வாயிலிருக்கும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அழுத்தமானிகளையும் பார்க்க வேண்டும். எதிலிருந்து எவ்வளவு, அடுத்து எப்போது மாற்றுவது என்ற கணக்கு மூளையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதுகில் இரட்டைச் சிலிண்டர் கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது, இரண்டும் ஒரே அளவில் இறங்கும். ஒரு ரெகுலேட்டர் கெட்டால் அந்தப் பக்க வால்வை மூடிவிட்டு, மறுபக்க ரெகுலேட்டர் வழியாக இரண்டு சிலிண்டரின் காற்றையும் இழுக்கலாம். சிலிண்டரின் கழுத்திலேயே கசிவு என்றால் நடுக்குழாயை அடைத்துப் பாதியைக் காப்பாற்றலாம். ஆனால் அந்த இணைப்பே பழுதாகக்கூடிய ஒரு பாகம், அதுவும் பிடரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. எந்த ஆபத்தை ஏற்பது என்ற தேர்வு இது. மூழ்காளர்கள் இரண்டு பக்கமும் நின்று பல ஆண்டுகளாக வாதிடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

மூன்றில் ஒரு பங்கு விதி ஏதோ மேசையில் உட்கார்ந்து எழுதியதல்ல. ஷெக் எக்ஸ்லி என்ற ஃபுளோரிடாக்காரர், கணித ஆசிரியர், குகை மூழ்கலில் இறந்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து என்ன நடந்தது என்று பார்த்தார். 1979-இல் அதை ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தார். வாசல்வரை தொடரும் வழிக்கயிறு இல்லாதது, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காதது, தாங்க முடியாத ஆழத்துக்குப் போனது: இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. எந்தக் கருவி, எந்தக் கட்டு என்பதைவிட இவைதான் உயிரை எடுத்திருந்தன. 1994-இல் எக்ஸ்லியே மெக்சிகோவின் சகாடோன் என்ற நீர்க்குழியில் மிக ஆழத்துக்குப் போகும் முயற்சியில் இறந்துபோனார். இறந்தவர்களிடமிருந்து பாடம் படித்து இருப்பவர்களைக் காக்கும் அந்த முறையை இன்றும் குகை மூழ்காளர்கள் தொடர்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். சோதனைச்சாலை கட்ட முடியாத ஓரிடத்தில், நேர்மையாக எழுதிவைத்த விபத்துக் குறிப்பே ஆய்வாகிறது.

காற்றின் எடையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அலுமினிய சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது கடலில் சற்றே அமிழும். உள்ளேயிருக்கும் காற்று செலவாகி இரண்டரைக் கிலோ குறைந்ததும் அதுவே மிதக்கத் தொடங்கும். முதுகில் கட்டியிருந்தால் உடம்பு முழுக்கச் சற்று மேலே எழும்பப் பார்க்கும், அவ்வளவுதான். விலாவில் அப்படியில்லை. கழுத்துப் பக்கம் பித்தளை வால்வும் ரெகுலேட்டரும் கனமாக இருக்க, காலியான அடிப்பகுதி மட்டும் மேலே தூக்கும். நாய் வாலைத் தூக்குவதுபோல் சிலிண்டர் பின்பக்கம் எழுந்து நிற்கும். கூரையில் இடிக்கும், நீந்தும் உடம்பின் ஒழுங்கும் கெடும். எனவே நடுவழியில் இடுப்புக் கொக்கியைக் கழற்றி முன்னால் உள்ள வளையத்துக்கு மாற்ற வேண்டும். எஃகுச் சிலிண்டரில் இந்தப் பிரச்சினை இல்லை. காலியானாலும் அது பெரும்பாலும் அமிழ்ந்தே இருக்கும். வலது, இடதுக்கு இடையே எழுபது பார் வித்தியாசம் விழுந்தால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோ இலேசாகிவிடும். உடம்பு சாய்ந்தே அதைச் சொல்லிவிடும். சம அளவில் செலவழிக்க மறந்தவருக்கு அது நல்ல நினைவூட்டல்.

நம் கரைக்கு வருவோம். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கடற்கரை திறந்த மணற்கரை. அலை உடைந்துகொண்டே இருக்கும். அதற்குள் இரண்டு சிலிண்டர்கள் இடுப்பில் ஊஞ்சலாட நடந்து இறங்குவது கடினம். ஃபைபர் படகிலோ இடம் குறைவு. எல்லோரும் ஒரு பக்கம் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து விழுகிற படகில், தண்ணீரில் இறங்கிய பிறகு சிலிண்டர் கேட்கிற ஒருவருக்காகப் படகோட்டி, உதவியாள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். நீரோட்டம் இருந்தால் அந்த இரண்டு நிமிடத்தில் அவர் தூரமாய்ப் போயிருப்பார். ஏணியில் திரும்பி ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க வேண்டும். கூட மூழ்குகிறவருக்கு இந்தக் கட்டின் அமைப்பு தெரியாவிட்டால், ஆபத்தில் எந்த ரெகுலேட்டரை எடுத்துக் கொடுப்பது, எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாற்றம் வரும். முன்கூட்டியே பேசி, தண்ணீரில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் இரண்டு என்பதால் செலவும் இரட்டிப்பு.

இத்தனையும் பொறுத்துக்கொண்டு போகுமளவு நம் கடலில் என்ன இருக்கிறது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளத் திட்டுகளில் பெரும்பாலானவை சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. பூம்புகாருக்கு அப்பால் தேசிய கடலியல் நிறுவனத்தார் 1991-இல் குதிரை லாட வடிவக் கட்டமைப்பு ஒன்றைக் கண்டது ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், திறந்த கடலடியில். தலைக்குமேல் கூரை இல்லாத இந்த இடங்களுக்கு முதுகில் ஒரு சிலிண்டரே போதும். மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் விமானம்தாங்கிக் கப்பல் வேறு ரகம். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கிய அது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சிலிண்டரோடு போவது தற்கொலைக்குச் சமம். இரட்டைச் சிலிண்டர் வேண்டும். முதுகிலா விலாவிலா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

விலாக்கட்டு உலகத்தின் கண்ணில் பட்டது தாய்லாந்தில். 2018 ஜூன் 23 அன்று தாம் லுவாங் குகைக்குள் போன பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் மழைவெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 2-ஆம் தேதி அவர்களை முதலில் கண்டவர்கள் ரிக் ஸ்டேன்டன், ஜான் வொலாந்தன் என்ற பிரிட்டிஷ் குகை மூழ்காளர்கள். இங்கிலாந்தின் சம்புகளில் பழகிய, சிலிண்டரைப் பக்கவாட்டில் கட்டும் மரபிலிருந்து வந்தவர்கள். கலங்கிய நீர், எதிரே பாயும் ஓட்டம், உலர்ந்த துண்டுகளும் நீர் நிறைந்த துண்டுகளுமாக மாறி மாறி வரும் பாதை. மெண்டிப்பில் பிறந்த அந்தக் கட்டு எதற்காக உருவானதோ அதே சூழல். சிறுவர்களை வெளியே கொண்டுவந்தபோது ஒவ்வொருவருக்கும் சிலிண்டரை முன்பக்கம் கட்டி, முதுகில் பிடி வைத்து, மயக்கமருந்து கொடுத்து, பெட்டியைத் தூக்குவதுபோல் கொண்டுவந்தார்கள். அங்கே சுமையின் இடம் மூன்றாவது ஒன்றாகிவிட்டது: வயிற்றுப்பக்கம். முகம் கீழ்நோக்கி இருக்க அது உதவியது. வெள்ளத்தை இறைக்க நம் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் பொறியாளர்களும் அங்கே இருந்தார்கள். காற்று சிலிண்டர்களை உள்ளே கொண்டுவைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர் ஜூலை 6 அன்று உயிரிழந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மேகாலயாவின் க்ஸான் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து குறைந்தது பதினைந்து தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படை மூழ்காளர்கள் வந்தார்கள். செங்குத்தான குழிக்கு அடியிலிருந்து பிரிந்தவை எலிவளைகள், ஆள் தவழ்ந்தோ படுத்தோ மட்டுமே போகக்கூடியவை. அதற்குள் மனிதரை அனுப்பாமல், கேமரா பொருத்திய தொலைவியக்கக் கருவியைத்தான் அனுப்பினார்கள். ஒருவரின் உடலைக் காணவே ஜனவரி நடுப்பகுதி ஆகிவிட்டது. விலாக்கட்டு இருந்திருந்தால் என்று யாராவது கேட்டால் என் பதில்: வரைபடம் இல்லாத, எந்தக் கணமும் இடியக்கூடிய, கரிச்சேறு நிறைந்த வளைக்குள் எந்தக் கட்டும் மனிதனைக் காப்பாற்றாது. உடம்பு நுழையும் என்பதாலேயே நுழையலாம் என்று ஆகாது. விலாக்கட்டு தரும் மிகப்பெரிய ஆபத்தும் இதுவே. அது இடுக்குகளைத் திறந்துவிடுகிறது, திரும்பிவர முடியாத இடுக்குகளையும் சேர்த்து.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அது என் அக்கா மகனுக்கும் அரவேணுவுக்கும் நேராகச் சம்பந்தப்பட்டது.

கோலி சோடாவில் வாயுவை அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். குண்டைத் தள்ளியதும் பொங்குகிறது. மூழ்குபவரின் உடம்பும் ஒரு வகையில் கோலி சோடாதான். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறும். அவசரமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை வரலாம். மூழ்காளர்கள் பெண்ட்ஸ் என்பார்கள். அழுத்தத்தளர்வு நோய் என்று நாம் சொல்லலாம். எவ்வளவு நேரம் பாதுகாப்பு என்பதை முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டவர் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன். அழுத்த அறையில் ஆடுகளை வைத்து, அழுத்தத்தைக் குறைத்து, எந்த ஆடு காலை மடக்கி நொண்டுகிறது என்று பார்த்தார். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆடுகள் தாங்கின. அதற்குமேல் ஒரேயடியாகக் குறைத்தால் நொண்டின. 1908-இல் வெளிவந்த அந்த ஆய்விலிருந்து வளர்ந்தவைதான் இன்று மூழ்காளர் மணிக்கட்டில் கட்டும் கணிப்பொறிகளின் அடிப்படைக் கருத்துகள்.

இப்போது ஒரு கணக்கு. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால், வழியில் நீண்ட நேரம் நிற்காமல் மேலே வந்துவிடலாம்; இதை நைட்ரஜன் எல்லை என்போம். அங்கே நிமிடத்துக்கு 56 லிட்டர் அளவில் காற்று செலவாகும். ஒரு சிலிண்டரின் 2,200 லிட்டர் நாற்பது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதாவது, ஒற்றைச் சிலிண்டரோடு முதல்முறை இறங்குகிறவரைப் பெரும்பாலும் காற்றே முன்கூட்டி மேலே அனுப்பிவிடுகிறது, நைட்ரஜன் எல்லையைத் தொடுவதற்கு முன்பாகவே. இரண்டு சிலிண்டர் இருந்தால் எண்பது நிமிடம். காற்று மிச்சமிருக்கிறது, மனசும் இன்னும் கொஞ்சம் என்கிறது. நைட்ரஜன் எல்லை எப்போதோ தாண்டிப் போயிருக்கும். அதிகக் காற்று அதிகப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் சறுக்குகிற இடம் இது. சிலிண்டர் முதுகில் இருந்தாலும் விலாவில் இருந்தாலும் திசுக்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டும்போது உப்பிப் போவதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காதும் அடைத்துத் திறக்கும். மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டர் சொச்சம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர், அரவேணு அதற்குச் சற்றுக் கீழே. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பாக்கெட்டுக்கு நேர்வதே, நைட்ரஜன் கரைந்திருக்கும் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு குமிழிக்கும் நேரும்: வெளி அழுத்தம் குறையக் குறைய அது பெருக்கும். எங்கள் மலைப்பாதை, மூழ்கிவிட்டு வருபவருக்கு விமானம் ஏறுவது மாதிரி.

விமானம் ஏற எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களை அழுத்த அறையில் வைத்துப் பல ஆண்டு சோதித்தார்கள். அதிலிருந்து வந்த வழிகாட்டுதல்: நைட்ரஜன் எல்லைக்குள் ஒரே ஒருமுறை மூழ்கினால் 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரம், எல்லையைத் தாண்டி நின்று நின்று மேலே வரவேண்டிய மூழ்கலாக இருந்தால் அதற்கும் கணிசமாக மேல். சுமார் 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் உயரம் வரைக்கும் இது பொருந்தும். அரவேணு அதற்குள் அடக்கம்.

அவன் போன் செய்தது சனிக்கிழமை மத்தியானம். அன்று காலை இரண்டு முறை இறங்கியிருந்தான். இரண்டாவது முறை மேலே வந்தது பதினொரு மணிக்கு. நண்பனின் காரில் உடனே கிளம்பினால் சேலம், அவிநாசி வழியாக இரவுக்குள் மேட்டுப்பாளையம், பத்துக்கெல்லாம் அரவேணு என்று திட்டம். சேலம் வழி நெடுக எங்கும் 600 மீட்டரைத் தொடுவதில்லை. அதுவரை கவலை இல்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிய பிறகுதான் சிக்கல்.

"கண்ணு, விலாக்கட்டைப் பத்தி வீட்டுக்கு வா, விளக்கமாச் சொல்றேன். ராத்திரி மலை ஏறாதே. காரமடையில சித்தி வீட்டுல படு."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே மாமா, நல்லாத்தானே இருக்கேன்."

"பாக்கெட்டும் மேட்டுப்பாளையத்துல நல்லாத்தான் இருக்கும்."

பதினொன்றிலிருந்து பதினெட்டு மணி நேரம் என்றால் விடிகாலை ஐந்து. காலை எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தான். சித்தி கொடுத்தனுப்பிய முறுக்குப் பாக்கெட் பின்சீட்டில் உப்பிக் கிடந்தது. தேநீர் குடித்துவிட்டு இரண்டு தண்ணீர் கேன்களை எடுத்து அவனுடைய இரண்டு விலாவிலும் துண்டால் கட்டினேன். வேலிக்கு அடியில் நுழைந்து பார் என்றேன். கொழுந்து பறிக்க வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். வயிறு மண்ணில் உரச, முதுகு கம்பியில் படாமல் நுழைந்துவிட்டான். எழுந்து செடி வரிசைக்குள் நடக்கப் பார்த்தபோது வலது கேன் ஒரு செடியில் மாட்டிக்கொண்டது.